கருப்பு அடித்த போர்க்கால மாடல்கள்: உங்கள் அனுபவம் என்ன?

வால்சிறகு:
நான் செதுக்கிய மாடலையே எனக்கு அடையாளம் தெரியாமல் போனது. இரண்டு வருடம் ஆகியும் மனதை விட்டுப் போகவில்லை. நம்ம விமானம் எது, எதிரி விமானம் எது என்று வீரர்களுக்குக் கண் பழக்க, 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளிப் பிள்ளைகளிடம் 5 லட்சம் விமான மாடல் கேட்ட கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அதே 1/72 அளவில், பால்சா என்ற லேசான மரத்தில் ஒரு மஸ்டாங் (அமெரிக்கப் போர் விமானம்), ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் 109 (ஜெர்மன் போர் விமானம்) செய்து, பளபளப்பில்லாத மேட் கருப்பு அடித்தேன். 35 அடி தள்ளி நின்றால் நிஜ விமானம் கிட்டத்தட்ட அரை மைலில் தெரிவது போலத் தெரியும் என்பதுதானே கணக்கு? மாடியில் கம்பி கட்டி, தங்கையிடம் ஏதாவது ஒன்றை மாட்டச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்றேன்.

"இப்போ பாரு" என்றாள். ஒரு வினாடிதான். "நூற்றொன்பது!" என்று கத்தினேன்.

தொங்கியது மஸ்டாங்.

ஆறு வாரம் அந்த இறக்கையைத் தேய்த்த கை இது. விமான எதிர்ப்புப் பீரங்கியின் பின்னால் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இதே தவறைச் செய்திருந்தால், சுடப்பட்டு விழுவது அவனுடைய ஆளேதான்.

கண்ணாடிப்பெட்டி:
எனக்கு உறுத்துவது வேறு. ஒரு கண்காட்சியில் (இடம் வேண்டாம்) போர்க்காலப் பிளாஸ்டிக் மாடல் ஒன்று, செல்லுலோஸ் அசிடேட். ஒரு இறக்கை வாடிய இலை போல முறுக்கியிருந்தது. பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி. அது அந்தப் பிளாஸ்டிக்கின் வயது, போகட்டும். ஆனால் யாரோ அதற்குப் பச்சையும் பழுப்பும் அடித்து, விமானப்படையின் வட்டச் சின்னம் வேறு ஒட்டியிருந்தார்கள்! இறக்கைக்கு அடியில் நகக்கண் அளவுக்குப் பெயின்ட் உரிந்து, உள்ளேயிருந்து கருப்பு தெரிந்தது. நிறத்தையும் சின்னத்தையும் நம்பாமல் உருவத்தை மட்டும் கண் பழக வேண்டும் என்றுதானே கருப்பாகவே செய்தார்கள்? பொறுப்பாளரிடம் சொன்னேன். "இப்படி இருந்தால்தான் பார்க்க வருகிறவர்களுக்குப் பிடிக்கிறது" என்றார். அந்தக் கருப்புப் புள்ளி கண்ணிலேயே நிற்கிறது.

பைன்கட்டை:
வால்சிறகு, பால்சாவில் செய்துவிட்டு 'அதே மாதிரி' என்று சொல்லாதீர்கள். பால்சா அப்போது உயிர்காப்பு மிதவைகளுக்கும் மொஸ்கிட்டோ என்ற மரப் போர் விமானத்துக்கும் போய்விட்டது. பிள்ளைகளுக்குக் கிடைத்தது பைன், பாஸ்வுட் மாதிரிக் கட்டைகள். என் கதை சின்னது. பள்ளி நாட்களில் இதைச் செய்த ஒரு பெரியவரிடம் என் மாடலைக் கொடுத்தேன். அவர் பார்க்கவே இல்லை. கட்டைவிரலால் இறக்கையின் பின் விளிம்பை ஒருமுறை தடவிவிட்டு, "தடிமன். எங்கள் வாத்தியார் திருப்பி அனுப்பியிருப்பார்" என்றார். அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன். முதலில் உடற்பகுதியின் குறுக்குவெட்டுகளை அட்டையில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். செதுக்கச் செதுக்க அட்டையைப் பொருத்திப் பாருங்கள், வெளிச்சம் புகுந்தால் இன்னும் வேலை இருக்கிறது. பின் விளிம்பைக் கத்தியால் தொடாதீர்கள், உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் ஒட்டித் தேயுங்கள். மரத்தின் நுண்துளைகளை அடைக்க இரண்டு கோட் சீலர், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நன்றாகக் காயட்டும், பளபளப்பே கூடாது. அப்புறம் பார்க்கும் முறை. அந்தக் காலப் பயிற்சியில் வரிசை உண்டு: இறக்கை, எஞ்சின், உடல், வால். நீங்கள் கூரான மூக்கைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டீர்கள். மஸ்டாங்குக்கு ரேடியேட்டர் வயிற்றுக்கு அடியில் ஒரே புடைப்பாக இருக்கும். 109-க்கு இறக்கைக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்று. அதைத் தேடியிருந்தால் தப்பியிருக்காது.

கண்ணாடிப்பெட்டி:
பைன்கட்டை, அவர் செய்முறை கேட்கவில்லையே. எந்த மரமாக இருந்தாலும் 35 அடியில் கருப்பு நிழல்தான். அவர் சொன்னது அந்த ஒரு வினாடியைப் பற்றி.

வால்சிறகு:
இருவருக்கும் நன்றி. பால்சா விஷயம் சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். நேற்று மாலை மறுபடி தங்கையை மாட்டச் சொன்னேன். இறக்கை, எஞ்சின், உடல் என்று வரிசையாகப் பார்த்து, புடைப்பைத் தேடி, "மஸ்டாங்" என்றேன். இந்த முறை சரி. ஆனால் தங்கை கடிகாரம் பிடித்திருந்தாள். மணிக்கு 500 கிலோமீட்டரில் வரும் விமானம் அந்த அரை மைலை ஆறே வினாடியில் தாண்டிவிடும். எனக்கு வாய் திறக்க ஐந்து வினாடி ஆகியிருந்தது.