கடற்கரைத் தெரு குடும்பம்: ரெஜினா கல்யாணத் தேதி

நவம்பர் 2, 2025, ஞாயிறு, மாலை 4:50

அப்பா: கல்லறைக்குப் போயிட்டு இப்பத்தான் வீட்டுக்கு வந்தோம். அம்மாவுக்கும் ஐயாவுக்கும் மெழுகுவர்த்தி பொருத்தியாச்சு

அம்மா: எங்க பொருத்த விட்டுச்சு. நாலு தடவ பொருத்தி நாலு தடவையும் அணைஞ்சு போச்சு, கடைசில கொடைய சாச்சு வச்சு அதுக்குள்ள பொருத்துனேன்

டொரண்டோ அத்தை: போட்டோ போடுங்க மதினி

நான்: 📷 போட்டோ

டொரண்டோ அத்தை: அம்மா 🙏 சிலுவைக்கு பெயிண்ட் அடிக்கலயா சின்னண்ணே? நான் காசு அனுப்புனேனே

அப்பா: ஈரத்துல எப்படிம்மா அடிக்கிறது. மழை விடட்டும்

அப்பா: சரி விசயத்துக்கு வாறேன். பங்குச்சாமி கேக்குறாரு. ரெஜினா கல்யாணம் இந்த மாசம் 26 புதன்னா, அடுத்த ஞாயித்துக்கெழமையே கோயில்ல மொத கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கணும். 9, 16, 23ன்னு மூணு ஓலை. 30ல கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலம் ஆரம்பிச்சிரும், அப்புறம் கிறிஸ்மஸ் முடிஞ்சுதான் கல்யாணம். வெளியூர்ல இருக்கவுக இன்னைக்கே சொல்லிருங்க

துபாய் மாமா: 26 ஓகே மச்சான். லீவு சொல்லிட்டேன்

டொரண்டோ அத்தை: எனக்கும் 26தான். கிறிஸ்மஸ் நேரம்னா டிக்கெட் டபுள் ஆயிரும்

மெல்போர்ன் ஸ்டெல்லா அக்கா: சித்தப்பா எனக்கு நவம்பர் முடியாது 😢 பிள்ளைகளுக்கு டிசம்பர் 19லதான் ஸ்கூல் முடியும். ஜனவரின்னா முழுசா வருவோம்

ஓஸ்லோ அண்ணன்: எனக்கு எப்பன்னாலும் சரி. இங்கருந்து வெளிய வந்தாப் போதும்

சூசை பெரியப்பா: 26 வேண்டாம்னு நான் செப்டம்பர்லயே சொன்னேன் யாரும் காதுல வாங்கல, இப்ப திரும்பவும் சொல்றேன், நம்ம கடக்கரைல நவம்பர் கடைசியும் டிசம்பரும் பந்தல் போடுற காலம் இல்ல, போன வருசம் நவம்பர் 20 என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் மறந்துட்டீகளா, ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை, தங்கச்சிமடம் பாம்பன்னு தீவு முழுக்க வீட்டுக்குள்ள தண்ணி, நம்ம தெருவுல கட்டிலுக்கு மேல கட்டில் போட்டு சாமான ஏத்தி வச்சோம், அன்னைக்கி முகூர்த்தமா இருந்திருந்தா பொண்ண தோள்ல தூக்கிட்டுத்தான் கோயிலுக்குப் போயிருக்கணும்

அப்பா: மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேனே அண்ணே

துபாய் மாமா: நவம்பர் நல்ல மாசம்தானே பெரிய மச்சான். இங்க எல்லாம் இப்பத்தான் குளுகுளுன்னு ஆரம்பிக்குது

சூசை பெரியப்பா: அதத்தான் சொல்ல வாறேன் மாப்ள. ஒங்க நவம்பர் வேற எங்க நவம்பர் வேற. இப்ப ஆளாளுக்கு ஒங்க ஊர்ல இன்னைக்கி என்ன மாதிரி இருக்குன்னு போடுங்க பாப்போம்

நான்: பெரியப்பா கிளாஸ் ஆரம்பிச்சுட்டாக 😄

அம்மா: டேய் ஜெரால்டு சும்மா இரு

துபாய் மாமா: இங்க பகல்ல 32, ராத்திரி 22. ஜூன் 15 ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் வெளிவேலையே செய்யக் கூடாது, பன்னெண்டரைக்கு நிப்பாட்டி மூணு மணிக்குத்தான் திரும்ப ஏறணும், அதுதான் சட்டம். அந்த வெயில்ல சாரத்துல நின்னவனுக்குத்தான் இந்த நவம்பரோட அருமை தெரியும். இப்ப ராத்திரி ரூமுக்கு வெளிய பாய விரிச்சு ஒக்காந்து பேசுறோம்

துபாய் மாமா: காலைல பனிமூட்டம் மட்டும்தான் தொல்லை. டிசம்பர்ல இன்னும் கூடும், முன்னாடி போற வண்டி தெரியாது

டொரண்டோ அத்தை: இங்க இப்ப 4 டிகிரி. இன்னும் விடியல. இன்னைக்கித்தான் கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால திருப்புனாங்க, நான் மறந்துபோய் சீக்கிரமே முழிச்சு ஒக்காந்திருக்கேன்

டொரண்டோ அத்தை: இனிமே சாயந்தரம் 5 மணிக்கே இருட்டு. வேல விட்டு வெளிய வந்தா ராத்திரி மாதிரி இருக்கும். மொத வருசம் அதப் பாத்தே அழுதேன் அண்ணே, குளிருக்கு அழல

அம்மா: அப்ப வீடியோ கால் எப்ப மேரி

டொரண்டோ அத்தை: ஒங்க 7 மணி இனிமே 8 மணி மதினி

அம்மா: 8 மணிக்கு செபமாலை

டொரண்டோ அத்தை: செபமாலை முடிச்சுட்டுக் கூப்பிடுங்க

ஓஸ்லோ அண்ணன்: இங்க 5 டிகிரி, தூறல். இன்னைக்கி நாலேகாலுக்கெல்லாம் சூரியன் போயிரும். டிசம்பர் 21 கிட்ட 9:20க்கு உதிச்சு 3:10க்கு அடங்கிரும் அப்பா. அதுவும் மேல ஏறவே ஏறாது, நம்ம ஊர்ல காலைல ஏழு மணிக்கு எவ்வளவு உசரத்துல நிக்கும், அதுதான் இங்க உச்சி வெயில்

நான்: நோர்வேல சூரியனே வராத ஊர் இருக்காமே

ஓஸ்லோ அண்ணன்: அது வடக்க, ட்ரோம்சோ. நவம்பர் கடைசில போச்சுன்னா ஜனவரி நடுவுலதான் திரும்ப வரும். அங்க மீன் கம்பெனில நம்ம யாழ்ப்பாணத்து ஆளுங்க வேல பாக்குறாங்க. அந்த இருட்டுலயும் கடல் மட்டும் உறையாதாம்

அப்பா: அந்த வடக்கயா? உறையாதா?

ஓஸ்லோ அண்ணன்: வெதுவெதுப்பான நீரோட்டம் தெக்க இருந்து வருது சித்தப்பா. குளிர்காலத்துலதான் அங்க பெரிய காட் மீன் சீசனே, ஜனவரில இருந்து

அப்பா: என்ன வலை?

ஓஸ்லோ அண்ணன்: தூண்டிலும் இருக்கு வலையும் இருக்கு, வீடியோ அனுப்புறேன்

மெல்போர்ன் ஸ்டெல்லா அக்கா: இங்க எல்லாம் தலைகீழ். டிசம்பர் 1 தான் கோடை ஆரம்பம். இப்ப காலைல ஸ்வெட்டர், மத்தியானம் வடக்கத்திக் காத்து அடிச்சா அடுப்பு முன்னாடி நின்ன மாதிரி, சாயந்தரம் தெக்க இருந்து குளிர் காத்து வந்து பத்து டிகிரிக்கு மேல படக்குன்னு எறங்கிரும். ராத்திரி எட்டு மணிக்கும் வெளிச்சம்

மெல்போர்ன் ஸ்டெல்லா அக்கா: இந்த மாசம்தான் புல்லு பூத்து தூசி பறக்குற மாசமும். 2016 நவம்பர்ல ஒரு இடிமழை வந்து அந்தத் தூசியெல்லாம் ஒடைஞ்சு மூச்சுக்குள்ள போய் ஆயிரக்கணக்கான பேரு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாங்க, 10 பேரு செத்தே போனாங்க. சின்னவனுக்கு வீசிங் இருக்குல்ல, மேகம் இருட்டுனாலே ஜன்னலச் சாத்திட்டு பம்ப்ப எடுத்து வச்சுருவேன்

அம்மா: ஐயோ பிள்ளைக்கி நல்லெண்ணெய் தடவு நெஞ்சுல

சிங்கப்பூர் மதினி: இங்க தெனமும் சாயந்தரம் இடி. பெரு மழை டிசம்பர்லதான்

சூசை பெரியப்பா: பாத்தீகளா, எல்லாரும் குளிர்காலம்னு ஒரே வார்த்தைய சொல்றோம் ஆனா ஒருத்தருக்கு இருட்டு ஒருத்தருக்கு வெக்கை விட்ட நிம்மதி ஒருத்தருக்கு கோடையே அப்பத்தான் பொறக்குது நமக்கு மழை. ஏன் மழைன்னா, வடக்க நிலமெல்லாம் குளுந்துருது, அங்கருந்து காத்து கடலப் பாத்து எறங்குது, காஞ்ச காத்துதான் ஆனா வங்கக் கடல் இன்னும் சூடா இருக்கு, அது மேல அம்புட்டு தூரம் வரும்போது தண்ணியக் குடிச்சுக் குடிச்சு வந்து நம்ம கரைல கொட்டுது, அதுதான் நம்ம வாடை. ஊரெல்லாம் ஜூன் ஜூலைல நனையும்போது நமக்கு வெறும் காத்தும் மண்ணுந்தான், வருசத்து மழைல பாதிக்கு மேல இந்த மூணு மாசத்துலதான் விழுகுது, கம்மா நெறையிறதும் இப்பத்தான். சிங்கப்பூருக்குப் போறதும் இதே வடகெழக்குக் காத்துதான், தென்சீனக் கடல் மேல வருது அவ்வளவுதான் வித்தியாசம்

சூசை பெரியப்பா: மேரி, ஒங்க ஊர்ல ஏரிப் பனின்னு சொல்லுவியே அது என்ன

டொரண்டோ அத்தை: ஏரில இருந்து வாற பனிதான். எங்க பக்கம் கொஞ்சம். வடக்க பேரிங்கிற ஊர் பக்கம் போனா கொட்டும். ஏரிக்கு அங்கிட்டு அமெரிக்காவுல பஃபலோன்னு ஒரு ஊரு, 2014 நவம்பர்ல அதச் சுத்தி ஆள் ஒசரத்துக்கு விழுந்துச்சு. அதே ஊர்லயே இன்னொரு பக்கம் தரை தெரிஞ்சுச்சாம்

சூசை பெரியப்பா: அதேதான்! அதேதான் மேரி! குளுந்த காஞ்ச காத்து வருது, ஏரித் தண்ணி கோடைச் சூட்ட இன்னும் வச்சிருக்கு, காத்து அந்த ஈரத்தக் குடிக்குது, அக்கரைல கொட்டுது. நமக்கு கடல் ஒங்களுக்கு ஏரி, நமக்குத் தண்ணியா விழுகுது ஒங்களுக்குப் பனியா விழுகுது, வேல ஒண்ணுதான். 34 வருசம் பிள்ளைகளுக்குப் பருவக்காத்து படம் வரைஞ்சு போட்டேன், இப்படி ஒண்ணா வச்சு சொல்லிக் குடுத்ததே இல்லையேன்னு இப்ப மனசுக்குக் கஷ்டமா இருக்கு

அப்பா: அதான் கரைக்கு எந்தப் பக்கம் இருக்கோங்கிறது. வாடைக்கு வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கெடக்கும். அங்கயும் அப்படித்தான் போல

சூசை பெரியப்பா: சரியாச் சொன்ன சேவியரு. மாப்ள பையன் கப்பல் இப்ப ஜப்பான்லதானே இருக்கு, அங்கயும் மேற்குக் கரைல நீகாட்டா பக்கம் சைபீரியாக் காத்து கடலத் தாண்டி வந்து டிசம்பர்ல பனியாக் கொட்டும், மலைக்கு அந்தாண்ட டோக்கியோவுல வெயில் அடிக்கும்

அம்மா: மாப்ளைக்கு ஸ்வெட்டர் இருக்கான்னு ரெஜினாட்ட கேக்கணும்

டொரண்டோ அத்தை: மதினி சொல்ல மறந்துட்டேன், நான் வரும்போது எனக்கு நெத்திலிக் கருவாடு ரெண்டு கிலோ, சீலாக் கருவாடு ஒரு கிலோ

அம்மா: இந்த ஈரத்துல எங்கம்மா காய வைக்க. புழு வச்சிரும். ஜனவரி வெயில்லன்னா மொறுமொறுன்னு தாரேன்

மெல்போர்ன் ஸ்டெல்லா அக்கா: அப்ப கருவாடும் ஜனவரிக்கு ஓட்டுப் போட்டாச்சு சித்தி 😀

துபாய் மாமா: ↪ பலமுறை ஃபார்வேர்ட் செய்யப்பட்டது: அவசரம்!! நவம்பர் 25ந்தேதி ராமேஸ்வரம் தீவை மாபெரும் புயல் தாக்கும். அனைவருக்கும் பகிரவும்!!

சூசை பெரியப்பா: மாப்ள இத அழிங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி இன்ன தேதி இன்ன ஊருன்னு எந்த ஆபீஸாலயும் சொல்ல முடியாது. கடல்ல தாழ்வு உருவாகணும், அப்புறம் தாழ்வு மண்டலமாகணும், காத்து 62 கிலோமீட்டர் தாண்டுனாத்தான் புயல்னு பேரே வைப்பாக. பாம்பன் துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறட்டும், அப்பப் பேசுவோம்

துபாய் மாமா: இந்த மெசேஜ் டெலீட் செய்யப்பட்டது

டொரண்டோ அத்தை: நீங்களே 26 வேண்டாம்னு பயமுறுத்துறீக, அவுகள மட்டும் ஏன் திட்டுறீக பெரியண்ணே

சூசை பெரியப்பா: நான் புயல் வரும்னு சொல்லல மேரி. வர்ற காலம்னு சொல்றேன்

டொரண்டோ அத்தை: என் கல்யாணத்தையும் நவம்பர்லதான் வச்சீக. 2008, நிஷா புயல். அப்ப யாரும் பருவக்காத்து பாக்கல

அப்பா: மேரி

டொரண்டோ அத்தை: உண்மையத்தான சொல்றேன். பட்டுச்சேலை முழங்கால் வரைக்கும் சேறு. கோயில்ல கரண்டு இல்ல, போட்டோவுல என் மொகமே தெரியாது

துபாய் மாமா: பந்தியில எனக்கு சோறும் வரல. பந்தல் சரிஞ்சு

டொரண்டோ அத்தை: பதினேழு வருசமா இதையே சொல்லுங்க நீங்க

அம்மா: அவன் அன்னைக்கி விடிய விடிய தண்ணி எறைச்சான் மேரி, பசியோட. அதையும் சொல்லணும்ல

அப்பா: விடுங்க

நான்: மழை நல்லா கூடிருச்சு இங்க

மாலை 5:40

சூசை பெரியப்பா: மேரி நீ சொன்னதுல தப்பில்ல. அந்தத் தேதிய வச்சது நான்தான், எனக்கு ஸ்கூல்ல அந்த வாரம்தான் லீவு கெடைச்சுச்சு. அன்னைக்கி ராத்திரி நான் தூங்கல, ஒன் சேலைய நெனச்சு இல்ல, 1964 புயல நெனச்சு. டிசம்பர் 22 ராத்திரி எனக்கு எட்டு வயசு. வீட்டுக்கூரை பிஞ்சு போச்சு, நம்ம ஐயா எங்கள ஒரு கயித்துல கட்டி தென்ன மரத்தோட சேத்துக் கட்டுனாக. தனுஷ்கோடில ஐயாவோட தங்கச்சி, சலேத்து அத்தை, புருசன் ரெண்டு பிள்ளைகளோட இருந்துச்சு. ஒரு ரயிலே பிரயாணிகளோட கடலுக்குள்ள போச்சு, ஊரே போச்சு, அத்தை மட்டும் எங்க இருக்கப் போகுது. கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டுக்கு வாறேன்னு சொல்லி அனுப்பிருந்துச்சு, பலகாரம் சுட்டு வச்சிருந்தோம். அந்தப் புயலுக்குப் பேரே கெடையாது

சூசை பெரியப்பா: இன்னைக்கி கல்லறைல எல்லாருக்கும் மெழுகுவர்த்தி பொருத்துனோம், சலேத்து அத்தைக்கு பொருத்த எடமே இல்ல

டொரண்டோ அத்தை: அண்ணே

டொரண்டோ அத்தை: இது எனக்குத் தெரியாது. சலேத்து அத்தைன்னு பேரே இன்னைக்கித்தான் கேக்குறேன்

அப்பா: ஐயா பேச விட மாட்டாக வீட்டுல

ஓஸ்லோ அண்ணன்: அப்பா எனக்கும் சொன்னதில்ல நீங்க

டொரண்டோ அத்தை: நான் ஜனவரிக்கே வாறேன். டிக்கெட் கூடுனாக் கூடட்டும். ஜனவரில இங்க மைனஸ் பதினஞ்சு போகும், ஃபிளைட்டுக்கே றெக்கைல பனி போக மருந்து அடிச்சுத்தான் எடுப்பான், லேட்டாகும், ஒரு வாரம் முன்னாடியே கெளம்பிருறேன்

மெல்போர்ன் ஸ்டெல்லா அக்கா: ❤️ அத்தை. நான் தூங்கப் போறேன் மணி 11 ஆச்சு. ஜனவரி 21 புதன் சொல்லுங்க

அப்பா: 21 முடியாது. மாப்ள பையன் 15க்குள்ள அடுத்த கப்பல் ஏறணுமாம்

துபாய் மாமா: அப்ப 7 புதன்?

அப்பா: கேக்கணும். மூக்கையூர்ல சம்பந்தி என்ன சொல்றாகன்னு தெரியல. மண்டபம் காலியா இருக்கணும், அட்வான்ஸ மாத்தி எழுதுவாகளான்னு பாக்கணும்

சூசை பெரியப்பா: ஜனவரி 7ல மழை அனேகமா அடங்கிரும், வாடை மட்டும் வீசும், பந்தல்ல நாலு பக்கமும் படுதா கட்டுனாப் போதும். கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரையும் வந்து நிக்கும், பேரப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்

துபாய் மாமா: எனக்கு லீவு திரும்பக் கேக்கணும். கெடைக்குமான்னு தெரியல மச்சான்

அம்மா: கேளுடா தம்பி, நீ இல்லாம எப்படி

நான்: ரெஜினாட்ட யாராச்சும் கேட்டீகளா?

அம்மா: அவ இங்கதான் இருக்கா. மாப்ளைட்ட கேட்டுட்டு சொல்றாளாம். கப்பல்ல சிக்னல் இல்லயாம்

அப்பா: நாளைக்கி மீன்பிடி டோக்கன் குடுக்கலன்னு சொல்லிட்டாக, காத்து இருக்காம். கடலுக்குப் போகல. காலைல பங்குச்சாமியப் பாத்துட்டு அப்படியே மூக்கையூர் போயிட்டு வாறேன்

சூசை பெரியப்பா: நானும் வாறேன். பஸ்ஸுல போவோம், பைக் வேண்டாம்

டொரண்டோ அத்தை: சின்னண்ணே, கல்லறைல சலேத்து அத்தைக்கு ஒரு பேர்ப்பலகை வைக்க முடியுமான்னு சாமிட்ட கேளுங்க. சிலுவை பெயிண்ட் காசு இருக்குல்ல

அப்பா: கேக்குறேன்

அம்மா: மேரி செபமாலை ஆரம்பிக்கப் போறோம் இன்னைக்கி சீக்கிரமே. முடிச்சுட்டுக் கூப்பிடுறேன், மணி எத்தனைன்னு நீயே பாத்துக்க