காப்பகத்தில் நாய் கேட்டால் ஏன் இத்தனை கேள்வி?

கடலோடி:
ஒரு விலங்குக் காப்பகத்தில் நான்கு வயதுப் பெண் நாய் ஒன்றைத் தத்தெடுக்க விண்ணப்பித்தோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். மாடி ஃபிளாட், தோட்டம் கிடையாது. படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினோம். சம்பளம் எவ்வளவு, வீட்டு உரிமையாளர் சம்மதித்தாரா, வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், குழந்தை பிறந்தால் என்ன செய்வீர்கள் என்று கேள்விகள் நீண்டுகொண்டே போயின. பதில் ஒரே வரியில் வந்தது: ஃபிளாட்டுக்குக் கொடுப்பதில்லை. ஒரு போன் கூடப் பண்ணவில்லை.

மறுத்துவிட்டதால் எங்களுக்கு நாய் வளர்க்கும் ஆசை போய்விடாது. காசைக் கொடுத்தால் எதுவும் கேட்காமல் குட்டியைத் தூக்கிக் கொடுக்கும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். குட்டி எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர்களில் பலர் பார்ப்பதே இல்லை. காப்பகம் கதவைச் சாத்தினால் ஆட்கள் போய் நிற்பது அந்த வாசலில்தான். இந்தக் கெடுபிடியால் யாருக்கு நன்மை?

நிலாமதி:
நான் ஒரு காப்பகத்தில் வார இறுதியில் தன்னார்வலராக வேலை செய்கிறேன். பேசாமல் ஒரு வரியில் மறுத்தது தவறுதான். ஆனால் கேள்விகளைக் குறை சொல்லாதீர்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் திரும்பி வந்த ஒரு நாய் இருக்கிறது. வீட்டு உரிமையாளர் சத்தம் போட்டார், வேலை மாற்றல் வந்துவிட்டது, குழந்தை பிறக்கப் போகிறது... இவைதான் காரணங்கள்.

போன மாதமும் ஒன்று வந்தது. கொண்டுவந்தவர் சங்கிலியை எங்கள் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டைத் தாண்டும் வரை வாலாட்டிக்கொண்டுதான் இருந்தது. கூண்டில் விட்டதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. தட்டில் வைத்ததை ஆள் நகர்ந்த பிறகுதான் தின்றது. தத்தெடுக்க வருகிறவர்கள் முன்னால் ஓடிவரும் நாயைத்தான் பார்ப்பார்கள், முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதை யார் பார்ப்பார்கள்? இன்னொரு நாய்க்கு அந்த நிலை வராமலிருக்கத்தான் இத்தனை கேள்வியும்.

பூனைக்கண்ணன்:
நிலாமதி அக்கா, நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் கூண்டில் காத்திருப்பதாலும் கெடுதல் உண்டு. நான் கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். தும்மலும் கண்ணில் நீருமாகக் காப்பகப் பூனைகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றில் பலவற்றுக்கு ஹெர்பிஸ் வைரஸ். ஒருமுறை தொற்றினால் உடம்பிலேயே தங்கிவிடும், புது இடம், ஓயாத குரைப்பு என்று பூனை மிரளும்போது மறுபடி தலைதூக்கும். நாய்களுக்கு கென்னல் இருமல், கூட்டம் கூடினால் பரவும். நாய்களுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆக ஒருவரை மறுப்பது என்றால், அந்த நாயை இன்னும் சில வாரம் இதற்கு நடுவில் வைப்பது என்று அர்த்தம். அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

தோட்டம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எனக்குப் புரியவே இல்லை. தோட்டத்தில் அவிழ்த்துவிட்டால் நாய் கொஞ்ச நேரம் மோந்துவிட்டுக் கதவோரம் வந்து படுத்துக்கொள்ளும். அதற்கு வேண்டியது ஆளோடு நடப்பது. வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறக்குறையப் பாதி நேரம் தூங்கும். காலையும் மாலையும் நன்றாக நடக்க வைத்தால் ஃபிளாட் தாராளமாகப் போதும்.

நிலாமதி:
தம்பி, தூங்குவது சரி. பகல் முழுவதும் சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டுமே? ஏற்கெனவே ஒருமுறை கைவிடப்பட்ட நாய்க்குத் தனிமை என்றாலே பதற்றம் வரலாம். கதவை நகம் உடையும் வரை பிறாண்டும், ஊளையிடும். தனி வீட்டில் அது யாருக்கும் கேட்காது. ஃபிளாட்டில் பக்கத்து வீட்டிலிருந்து புகார் வரும், நாய் எங்களிடமே திரும்பி வரும்.

வித்யா:
நீங்கள் எல்லாரும் காப்பகம் நம்மிடம் கேட்கும் கேள்வியைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேறொரு காப்பகத்தில் எங்களிடம் எதுவுமே கேட்கவில்லை. "குழந்தைகளோடு நல்லாப் பழகும்" என்று சொல்லி அனுப்பினார்கள். சில வாரம் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஒருநாள் மகள் சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் போனபோது உறுமியது. அடுத்த முறை கையைக் கவ்வப் பார்த்தது, சட்டைக் கையோடு போயிற்று. விசாரித்ததில், முந்தைய வீட்டிலிருந்து அதே காரணத்துக்காகத்தான் அது திரும்பி வந்திருக்கிறது. காப்பகத்துக்கு அது தெரியும்.

முன்பே சொல்லியிருந்தால் சாப்பாட்டு நேரத்தில் அதைத் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருப்போம். தட்டைக் காக்கும் பழக்கம் நாய்களிடம் சாதாரணமாகப் பார்க்கிற ஒன்று, சமாளிக்க வழி உண்டு. மறைத்ததுதான் ஆபத்தாகப் போயிற்று. சம்பளம் வரை கேட்கிற காப்பகங்கள் நாயின் கதையை நமக்குச் சொல்ல வேண்டாமா?

நிலாமதி:
தெரிந்ததை மறைத்தவர்களை நான் ஆதரிக்கவே மாட்டேன். ஆனால் பல நாய்களின் கதை எங்களுக்கே தெரியாது. கூண்டில் ஓயாமல் குரைப்பது வீட்டுக்குப் போனால் சோபாவுக்கு அடியில் சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளும். இங்கே சாதுவாக இருந்தது அங்கே போய்ச் சீறும். கூண்டில் பார்ப்பதை வைத்து வீட்டில் எப்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

பூனைக்கண்ணன்:
அதனால்தான் கேட்கிறேன், கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னால் என்ன? அமெரிக்காவில் 5 காப்பகங்களில் 207 நாய்களை ஓரிரு இரவு வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்த ஓர் ஆய்வு 2019ல் வெளிவந்தது. சிறுநீரில் கார்டிசால் அளவு, அதாவது மன அழுத்தத்தில் கூடும் ஹார்மோன், வீட்டில் இருந்தபோது குறைந்தது. அந்த வீட்டுக்காரர்கள் சொல்வதிலிருந்து நாயைப் பற்றியும் நிறையத் தெரியவரும். வித்யா அக்கா கேட்ட தகவல் கிடைப்பது அப்படித்தான்.

நிலாமதி:
திரும்பி வந்ததும் அந்த அளவு பழையபடி ஏறியது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது, தம்பி.

பூனைக்கண்ணன்:
பழைய அளவுக்குத்தான் வந்தது, அதைத் தாண்டிப் போகவில்லை. போய் வந்ததால் நாய்க்குக் கூடுதல் கெடுதல் வந்ததாக அது காட்டவில்லை.

நிலாமதி:
ஓரிரு இரவுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஒரு மாதம் வைத்துப் பழக்கிவிட்டு, பிடிக்கவில்லை என்று திருப்பித் தருவது வேறு விஷயம். சுவரைப் பார்த்து உட்கார்ந்த நாய் அப்படி வந்ததுதான்.

கடலோடி:
எங்கள் பக்கம் ஒன்று சொல்லிவிடுகிறேன். மதியம் வந்து நாயை வெளியே கூட்டிப்போகப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சம்மதித்திருக்கிறார், அவருக்கும் நாய் என்றால் உயிர். படிவத்தில் அதை எழுத இடமே இல்லை. 'எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்' என்று ஒரு கட்டம், அதில் ஒரு எண்ணை மட்டும் போடலாம். யாராவது போன் செய்திருந்தால் சொல்லியிருப்பேன்.

வித்யா:
நேரில் போய்ப் பேசுங்கள். போகும்போது, அது இதற்கு முன் எந்த வீட்டிலிருந்தாவது திரும்பி வந்ததா, ஏன் வந்தது என்று கட்டாயம் கேளுங்கள்.

நிலாமதி:
அந்தப் பெரியவரையும் முடிந்தால் கூட்டிப்போங்கள், நாய் அவரிடம் எப்படிப் பழகுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். ஃபிளாட் என்ற ஒரே காரணத்துக்காக மறுப்பது எனக்கும் உடன்பாடில்லை. பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். என்னிடம் வந்திருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன், போனில்.