புதுப்பிப்பு: காருக்குள் மாட்டிக்கொண்ட மணி

சேலம் ஐந்து ரோட்டில் மருந்து வாங்க இறங்கியபோது, பின் இருக்கையில் தூங்கிய எங்கள் நாய் மணியை மறந்து காரைப் பூட்டிவிட்டதைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். பின் இருக்கையைப் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை வசதி இருந்தும் வண்டி ஏன் வாயே திறக்கவில்லை என்றும் கேட்டிருந்தேன். மணி நலம்.

விடை கிடைத்துவிட்டது. என் வண்டியில் இருப்பது உயிரைக் கண்டறியும் சென்சாரே அல்ல, வெறும் கதவுக் கணக்கு. புறப்படுமுன் பின்கதவைத் திறந்திருந்தால்தான் இறங்கும்போது நினைவூட்டும். மணியோ முன்கதவில் ஏறிப் பின்னால் தாவியவன்! உண்மையில் உயிரைக் கண்டறிவது, சில கார்களில் உள்ள 60 கிகாஹெர்ட்ஸ் ரேடார்; ரேடியோ அலைகளை அனுப்பி அசைவை அறியும் கருவி. போர்வைக்குள் தூங்கும் குழந்தையின் மார்பு மூச்சுக்கு ஏறி இறங்குவதைக்கூடப் பிடித்துவிடும். ஐரோப்பாவின் யூரோ என்கேப் எனும் கார் பாதுகாப்புச் சோதனையில் 2023 முதல் குழந்தையைக் கண்டறியும் வசதிக்கு மதிப்பெண் உண்டு.

‘கண்ணாடியை நாலு விரல் இறக்கினால் போதும்’ என்றவர்களுக்கு: அப்படியே இறக்கி, காலி வண்டியில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். இருபதே நிமிடத்தில் 36 டிகிரி 48 ஆனது.

இப்போதைக்கு, மணி ஏறினால் என் இடது செருப்பும் பின் இருக்கைக்குப் போய்விடுகிறது; இறங்கும்போது அதை எடுக்கப் போனால் மணியும் கண்ணில் படுவான். நேற்று ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வெறுங்காலால் கிளட்ச் மிதித்தே ஏறினேன்.