வளாகக் குற்றங்களைத் தெரிவிக்கும் கடமை: கல்லூரி ஊழியருக்கு விளக்கம் தேவை

குழுவினருக்கு வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் மாணவியர் விடுதிக் காப்பாளராகப் பணிபுரிகிறேன். வளாகத்தில் நடந்த குற்றத்தை ஒரு மாணவி என்னிடம் கூறினால், அதை நான் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதில் உங்கள் உதவி தேவை.

முதலாண்டு மாணவியருள் சிலருக்கு 17 வயதுதான். அவர்களில் ஒருவர் பாலியல் குற்றத்துக்கு ஆளானது தெரிந்தால், 18 வயதுக்குட்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்பதும், தவறினால் 21ஆம் பிரிவின்கீழ் தண்டனை உண்டு என்பதும் தெரியும். ஆனால் முதல்வரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டாலே என் கடமை முடிந்துவிடுமா? எங்கள் அலுவலகத்தில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

ராகிங்கில் இந்தக் குழப்பமில்லை. குற்ற முகாந்திரம் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல் அறிக்கைக்கு நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன.

18 வயது நிறைந்த மாணவி, காவல் நிலையம் வேண்டாம், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள்ளகக் குழுவே போதும் என்றால், பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் கோரும் இரகசியத்தைக் காத்துக்கொண்டு விடுதிப் பதிவேட்டில் எவ்வளவு எழுதலாம்? காப்பாளராக இருந்தவர்களும் வழக்கறிஞர்களும் வழிகாட்டினால், பெயர்களை நீக்கிய மாதிரிக் கடிதம் ஒன்றையும் பகிர்ந்தால், நன்றியுடையவளாவேன்.