வெளிநாட்டு அழைப்புக்கு நிறுவனத்தை மாற்றலாமா?

நல்லூர்வாசி:
வணக்கம். கனடாவிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகளுடன் அம்மா வீட்டுத் தொலைபேசியில்தான் பேசுவார். கையடக்கத் தொலைபேசியின் சிறிய எழுத்துகள் அவருக்குத் தெரிவதில்லை. புதிய நிறுவனமொன்று குறைந்த கட்டணத்தில் வெளிநாட்டு அழைப்புத் தருவதாகச் சொல்கிறது. மாறினால் எங்கள் யாழ்ப்பாண 021 இலக்கம் போய்விடுமா?

கொக்குவில் அண்ணா:
அணுகல் இலக்கம் மூலம் தரும் சேவையென்றால் இணைப்பும் இலக்கமும் அப்படியே இருக்கும். முதலில் புதிய நிறுவனம் தரும் அந்த அணுகல் இலக்கத்தை அழுத்திவிட்டு, பிறகு நாட்டுக் குறியீட்டுடன் பிள்ளையின் இலக்கத்தை அழுத்த வேண்டும். வெளிநாட்டு அழைப்பில் ஸ்ரீ லங்கா ரெலிகொம்முக்கு இருந்த ஏகபோக உரிமை 2002இல் முடிந்த பிறகே இத்தகைய போட்டி வந்தது, அது நல்லதுதான். ஆனால் அணுகல் இலக்கத்துக்கான உள்ளூர்க் கட்டணம் பழைய நிறுவனத்தின் பில்லில் தனியே ஏறக்கூடும்.

பருத்தித்துறை:
விளம்பரத்திலுள்ள நிமிடக் கட்டணத்தை மட்டும் நம்ப வேண்டாம், தங்கச்சி. கனடாவுக்கு வீட்டு இலக்கமும் கையடக்க இலக்கமும் பெரும்பாலும் ஒரே விலை. லண்டனில் 44 என்ற நாட்டுக் குறியீட்டுக்குப் பின் 7 என்று தொடங்கும் கையடக்க இலக்கத்துக்கோ விலை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். 61 வினாடி பேசினால் இரண்டு நிமிடமாகக் கணக்கிடும் திட்டங்களும் உண்டு.

நல்லூர்வாசி:
நன்றி. அணுகல் இலக்கத்துக்கான கட்டணம், கையடக்க இலக்கத்துக்கான விலை, நிமிடக் கணக்கு ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிய பின்பே கையொப்பமிடுவேன்.