பீஸ் லில்லி இலை நுனி கருகிக்கிட்டே போகுது, எப்சம் சால்ட்டும் கேக்கல. உதவி பண்ணுங்க

மூணாவது மாடி:
வணக்கம். வேளச்சேரியில அபார்ட்மென்ட். ஹால்ல கிழக்கு ஜன்னல் பக்கம் 4 தொட்டி: பீஸ் லில்லி 2, ஸ்பைடர் பிளான்ட் 1, மணி பிளான்ட் 1. எல்லாமே மண்ணுலதான் (செம்மண், கோகோபீட்னு விக்கிற தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் சம அளவு). 8 இஞ்ச் தொட்டி, அடியில ஓட்டை உண்டு, கீழ தட்டும் வெச்சிருக்கேன்.

மூணு மாசமா லில்லியிலயும் ஸ்பைடர்லயும் இலை நுனி காப்பி நிறத்துல காயுது. காய்ஞ்ச இடத்துக்கும் பச்சைக்கும் நடுவுல மெல்லிசா மஞ்சள் கோடு. மணி பிளான்ட் கதை வேற: புதுசா வர்ற இலை வெளிறிப்போய், நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. வீடியோ பார்த்துட்டு எப்சம் சால்ட் (மெக்னீசியம் உப்பு) ரெண்டு தடவை கரைச்சு ஊத்தினேன். இன்னும் அதிகமாச்சு. பூஞ்சை மருந்து வாங்கட்டுமா?

பால்கனி ராஜா:
ஏசி காத்து நேரா படுதா? எங்க வீட்டுல அதனாலதான் நுனி காய்ஞ்சது.

மூணாவது மாடி:
ஹால்ல ஏசியே இல்லீங்க. பெட்ரூம்ல மட்டும்தான்.

செம்பருத்தி:
ஒரு வெள்ளைப் பேப்பரை இலைக்கு அடியில பிடிச்சு தட்டிப் பாருங்க. பொடிப் பொடியா புள்ளி நகர்ந்தா செஞ்சிலந்தி, இலைச் சாறு உறிஞ்சுற பூச்சி. ஆனா அதுன்னா இலை முழுக்க ஊசி குத்தின மாதிரி வெளிறியிருக்கும், நுனியோட நிக்காது.

மூணாவது மாடி:
தட்டிப் பார்த்தேன் அக்கா. தூசிதான் விழுந்துச்சு.

பழைய தோட்டக்காரன்:
மருந்து எதுவும் வாங்காதம்மா. மூணு கேள்விக்குப் பதில் சொல்லு. என்ன தண்ணி ஊத்துற? தட்டுல தேங்குற தண்ணியைக் கொட்டுறியா, விட்டுடுறியா? மண்ணு மேலயோ தொட்டி விளிம்புலயோ வெள்ளையா பொருக்கு கட்டியிருக்கா?

மூணாவது மாடி:
ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வெளிய போற தண்ணியைப் பக்கெட்ல பிடிச்சு ஊத்துறோம் சார். வீணாப் போகுதேன்னு அம்மா ஆரம்பிச்சது. தட்டுல நிக்கிறதை மண்ணே உறிஞ்சிக்கும், கொட்டறது இல்ல. வெள்ளைப் பொருக்கு இருக்கு! உரம்தான் அப்படிப் பூத்திருக்குன்னு நினைச்சேன்.

பழைய தோட்டக்காரன்:
அதேதான்.

மெஷின் நல்ல தண்ணியை உனக்குக் கொடுத்துட்டு, அதுல இருந்த உப்பையும் சேர்த்து மிச்சத் தண்ணியில தள்ளுது. உங்க போர் தண்ணியே உப்பா இருந்தா, வெளிய வர்றது அதைவிட உப்பு. டி.டி.எஸ். மீட்டர் (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கறது) யார்கிட்டயாவது இருந்தா ரெண்டையும் அளந்து பாரு. வாசல் மரத்துக்கு ஊத்தினா மழை வந்து கழுவிடும். ஹால்ல இருக்கிற தொட்டிக்கு எந்த மழை வரும்? வடிஞ்ச உப்பையும் தட்டு வழியா மண்ணு திரும்பக் குடிக்குது. வேர் எடுத்த உப்பு தண்ணியோட நுனி வரைக்கும் போகுது. தண்ணி ஆவியாகிடும், உப்பு அங்கயே தங்கிடும். அதான் முதல்ல நுனி கருகுது. பூஞ்சைன்னா இலை நடுவுலயும் வட்ட வட்டமா புள்ளி வரும்.

எப்சம் சால்ட்டும் உப்புதான். மெக்னீசியம் குறைஞ்சா பழைய இலையில நரம்புக்கு நடுவுல மஞ்சள் அடிக்கும். உனக்குப் புது இலை வெளிறுது, அது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணுல இரும்பு இருக்கும்; தண்ணியால பி.எச். ஏறி, அதாவது மண்ணு காரமாகி, வேரால எடுக்க முடியல.

முதல்ல ஒரு செடியைக் கவிழ்த்து வேரைப் பாரு. வெள்ளையா விறைப்பா இருந்தா சரி. கருத்து, நாறி, தோல் உரிஞ்சு வந்தா அழுகல். அப்ப அந்த வேரை வெட்டிட்டு புது மண்ணுல வைக்கணும். நல்லா இருந்தா தொட்டியைப் பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போய், மேல் பொருக்கைச் சுரண்டி எடு. ஒரு தொட்டிக்கு 10 லிட்டர், அவசரப்படாம ஊத்தி, அடியில ஓட விடு. மழைத்தண்ணி இருந்தா உத்தமம். இல்லேன்னா பெட்ரூம் ஏசியில சொட்டுற தண்ணியைச் சேர்த்து வை, அதுல உப்பே இருக்காது. மண் நல்லா வடிஞ்சப்புறம் உள்ள கொண்டு வா. ரெண்டு மாசத்துக்கு உரம் வேண்டாம்.

பால்கனி ராஜா:
கோகோபீட்டைக் கழுவாம போட்டாலும் உப்பு இருக்கும் சார். நான் பட்டிருக்கேன்.

பழைய தோட்டக்காரன்:
உண்மை. கட்டியை ஊற வெச்சு ரெண்டு மூணு தண்ணி மாத்தணும், யாரும் செய்யறதில்ல.

செம்பருத்தி:
மணி பிளான்ட் தேறலேன்னா இரும்பு கீலேட் (வேர் சுலபமா எடுக்கிற மாதிரி செஞ்ச இரும்பு உரம்) கொடுக்கலாமா? எங்கிட்ட இ.டி.டி.ஏ. வகை இருக்கு.

பழைய தோட்டக்காரன்:
பி.எச். ஏறின மண்ணுல அது நிக்காது. இ.டி.டி.எச்.ஏ.ன்னு போட்டிருக்கிறதா பார்த்து வாங்கணும். முதல்ல தண்ணியை மாத்தட்டும், அதுக்கப்புறம் பார்க்கலாம்.

மூணாவது மாடி:
அஞ்சு வாரம் கழிச்சு எழுதறேன். பக்கத்து வீட்டு மீட்டர்ல அளந்தோம். குழாய்த் தண்ணி டி.டி.எஸ். 840, மெஷின்ல இருந்து வெளிய வர்றது 1,130! வேர் நல்லா இருந்துச்சு. கழுவினப்போ முதல் பக்கெட் டீத்தண்ணி நிறத்துல வடிஞ்சது. இப்ப ஏசித் தண்ணி மட்டும்தான். லில்லி ரெண்டுலயும் புது இலை நுனி சுத்தமா வந்திருக்கு. பழைய நுனி பச்சையாகல, ஓரம் சாய்வா கத்தரிச்சுவிட்டேன். மணி பிளான்ட் இன்னும் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கு, கீலேட் ஆர்டர் போட்டிருக்கேன். ஆர்.ஓ. தண்ணி இப்ப பாத்ரூம் கழுவப் போகுது. அம்மாதான் ஒவ்வொரு தடவையும் பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு செடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டுப் போறாங்க.