பட்டா யார் பேரில், பணம் யார் கணக்கில்: உழவர் உதவித்தொகை அனுபவங்கள்

நன்னிலம் பக்கமிருந்து:

எனக்குச் சொந்தம் நாலு மா, அதுவும் தாத்தா பேரில் கூட்டுப் பட்டா. இன்னொரு ஒன்பது மா, அதாவது மூணு ஏக்கர், குத்தகை. நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார்.

2019ல் மத்திய அரசின் உழவர் உதவித்தொகைத் திட்டமான பிஎம் கிசான் வந்தது. வருஷத்துக்கு 6,000, மூணு தவணையாக 2,000. எழுதிக்கொடுக்கப் போன இடத்தில் முதல் கேள்வியே பட்டா யார் பேரில் என்பதுதான். குத்தகைக்காரனுக்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை. உழுவது நான், உரம் வாங்கக் கடன் படுவது நான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட மனசில்லை.

அதைவிட வலித்தது 2023 பிப்ரவரி. சம்பா அறுக்க நாலு நாள்தான் பாக்கி, பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்த கதிர் தண்ணீரிலேயே கிடந்தது. மூணாம் நாள் ஒரு கொத்தை அள்ளிப் பார்த்தேன். நெல்லுக்கு நெல் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமென்றால் ஹெக்டேருக்கு 20,000 என்று அரசு அறிவித்தது, ஏக்கருக்குச் சுமார் 8,000. கணக்கெடுக்க வந்தவர்களோடு முழங்கால் சேற்றில் நடந்தவன் நான். பட்டியலில் இருந்ததோ நிலத்துக்காரர் பேர், ஏனென்றால் எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று சொல்லும் கிராமக் கணக்கான அடங்கல் அவர் பேரில்தான் இருந்தது.

என் பேரை ஏற்றச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதே கிடையாது. குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955லிருந்து இருக்கிறது. பேர் ஏறினால் நிலம் கைவிட்டுப் போகுமென்று உடையவருக்குப் பயம். கேட்டால் அடுத்த வருஷம் வேறு ஆளுக்கு விட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். இந்த ரெண்டு பயத்துக்கு நடுவில்தான் டெல்டாவில் பாதி சாகுபடி நடக்கிறது என்பேன்.

நிவாரணப் பணம் ஏறிய அன்று சாயங்காலமே நிலத்துக்காரர் அதை எனக்கு அனுப்பிவிட்டார். எல்லாருக்கும் இப்படி ஒரு மனுஷர் அமையாது. அந்தத் தைரியத்தில் அடுத்த சம்பாவுக்கு வாய்விட்டுக் கேட்டேன், சம்மதித்தார். கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடியாளர் என்று என் பேர் போட்ட அடங்கல் வாங்கி, பயிர்க் காப்பீட்டுக்கு என் கையாலேயே பிரீமியம் கட்டினேன். சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். குத்தகைக்காரர்களே, காப்பீட்டில் நமக்கு இடம் உண்டு, விட்டுவிடாதீர்கள். ஆனால் ஒன்று, விளைச்சல் இழப்புக்கு நம் ஒரு வயலை மட்டும் பார்த்துப் பணம் தருவதில்லை. அறிவித்த பகுதி முழுவதுக்கும், சில வயல்களில் அறுத்து எடை பார்க்கும் அறுவடைப் பரிசோதனையில் வரும் சராசரிதான் கணக்கு.

கீழ்வேளூரிலிருந்து:

எங்கள் அம்மா பேரில் பட்டா இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பிஎம் கிசான் தவணை நின்றுபோனது. கேஒய்சி, அதாவது ஆதாரை வைத்து ஆள் இவர்தானா என்று சரிபார்ப்பது, முடிக்க வேண்டுமாம். சேவை மையத்தில் அம்மா விரலை வைத்தால் கருவி ஏற்கவில்லை. துடைத்து வைத்தோம், எண்ணெய் தொட்டு வைத்தோம், பத்து விரலும் பார்த்தாயிற்று. நாற்பது வருஷம் நாற்றுப் பறித்த கையில் ரேகை எங்கே இருக்கும்? அம்மா திரும்பி வரும் வழியெல்லாம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆதாரில் செல்போன் எண்ணும் சேர்க்கவில்லை, அதனால் ஓடிபி வைத்து முடிக்கவும் வழியில்லை.

கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து:

2020ல் எங்கள் ஊருக்கு ஒருத்தர் வந்து, கொரோனா பணம் வாங்கித் தருகிறேன் என்று ஆதாரும் பாஸ்புக்கும் வாங்கிப் போனார். என் தங்கை கூலி வேலைக்குப் போகிறவள், ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவள் கணக்கில் பணம் விழுந்தது. ஆகஸ்டில் முறைகேடு என்று செய்தி வந்த பிறகுதான் அது பிஎம் கிசான் பணமென்றே தெரிந்தது. அப்புறம் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவளுக்குப் பணம் போனதுகூடப் பெரிசில்லை, ஊரில் தன்னையும் திருடி என்று நினைப்பார்களே என்று ஒரு வாரம் வெளியே வரவில்லை.

நன்னிலம்:

கீழ்வேளூர் தங்கச்சி, அம்மாவுக்கு விரல் வேண்டாம். பிஎம் கிசான் செயலியில் 2023 ஜூனிலிருந்து முகம் காட்டியே கேஒய்சி முடிக்கலாம். எங்கள் பெரியம்மாவுக்கு வாசல் திண்ணையில் வெளிச்சமாக உட்காரவைத்து அப்படித்தான் முடித்தோம். கண்ணைச் சிமிட்டச் சொல்லும், அதை மட்டும் அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.